யாருக்கு முதுகு

கண்ணகி நகரில் எங்கள் கலைக்குழு முதல்முறை மேடை போட்டபோது அதை மெயின் ரோட்டைப் பார்த்து வைத்தோம். இங்கேயும் கலை இருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. குடியிருப்பு பிளாக்குகளுக்கு மேடையின் முதுகுதான் தெரிந்தது. வெளியிலிருந்து இருபது பேர் வந்தார்கள். எங்கள் சனம் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒரு அக்கா கேட்டார்: "எங்க வாசல்ல மேடை போட்டுட்டு எங்களுக்கே முதுகக் காட்னா எப்பிடி தம்பி?"

தெருவில் கலை நடத்தும் வேலையை நான் கற்கத் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான்.

2000-இலிருந்து ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்தவர்களைச் சென்னையின் நடுவிலிருந்து பெயர்த்து, துரைப்பாக்கத்தின் இந்த மூலையில் குடிசை மாற்று வாரிய வீடுகளில் குடியேற்றினார்கள். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,000-க்கும் மேல் வீடுகள். ஒரே தெருக்காரர்கள் வெவ்வேறு பிளாக்கில் விழுந்தார்கள். சிதறியது உறவு மட்டுமல்ல. ஒரு தெருவில் டோலக் வாசிப்பவர், கானா கட்டுபவர், அம்மன் கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்பவர் என்று ஆளாளுக்கு ஒரு வேலை இருக்கும். அந்தக் கண்ணி அறுந்துபோனது. வேலைக்கு விண்ணப்பம் போட்டால் முகவரியில் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுவோம். கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள்.

2020-இல் சென்னை மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏஷியன் பெயின்ட்ஸும் சேர்ந்து பிளாக் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டின. சென்னையின் முதல் கலை மாவட்டம் என்றார்கள். நல்ல ஓவியங்கள். எங்கள் பிள்ளைகளைப் போன்ற முகங்கள் நாலு மாடி உயரத்துக்குச் சிரிப்பதைப் பார்த்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் சுவர் ஒருமுறை தீட்டினால் முடிந்தது. அதன் கீழே நடக்கும் வாழ்க்கை தினமும் நடக்கிறது. படம் எடுக்க வந்த ஒருவர், கொடியில் காயும் துணியை எடுக்கச் சொன்னார். "காயட்டும், அப்புறம் வாங்க" என்றார் அந்த வீட்டு ஆயா. அவர் சொன்னதே சரி. ஓவியம் அவர் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. துணியும் அவருடையதுதான்.

கலை நடத்துகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது தெருவின் நேரம். தண்ணீர் எப்போது வரும், வீட்டு வேலைக்குப் போன அக்காக்கள் ஓ.எம்.ஆர். நெரிசலில் நின்று எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், கூலி எந்தக் கிழமை கைக்கு வரும், யார் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது. இவற்றைக் கேட்டு முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். நோட்டீஸ் அடிப்பதற்கு அரை நாள் போதும். இப்போது மேடை இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில், மாடிகளைப் பார்த்தபடி இருக்கிறது. சோற்றுத் தட்டோடு படியில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

பறை வகுப்பு தொடங்கியபோது ஒரு அம்மா மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "சாவு மோளத்த எம்புள்ள கையில குடுக்காதீங்க. அவன படிக்க வெச்சிருக்கேன்." பறையின் பெருமையைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். அன்றைக்குப் பேசவில்லை. அந்தக் கோபத்துக்குப் பின்னால் எத்தனை தலைமுறை வலி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம், பறை காய்ச்சும் நேரத்தில் அவர் தள்ளி நின்று பார்த்தார். காகிதத்தையும் சருகையும் கொளுத்தி, தோலைத் தீயின் மேல் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதிகம் காட்டினால் தோல் கிழியும், குறைந்தால் சத்தம் எழாது. இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்போம். தொப்பென்று இருந்தது மெல்லக் கணீரென்று ஏறும். "இன்னும் கொஞ்சம் காட்டு" என்றார் அவர், யாரும் கேட்காமலே. அவருடைய அப்பா கூவம் கரையில் அடித்தவராம். மகனை அனுப்பினார், ஒரு கட்டளையோடு: "எந்த சாவுக்கும் இவன கூட்டினு போகக் கூடாது." அதுவே எங்கள் குழுவின் விதியாகிவிட்டது. நாங்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய எந்த விதியையும்விட அது நிலைத்திருக்கிறது.

கலையால் பகுதி மாறிவிடும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குப்பை வண்டியும் பஸ்ஸும் வேலையும் கலை கொடுக்கிற சமாச்சாரமல்ல. தன் பேரைச் சொல்லிக்கொள்ளும் தெம்பைக் கலை கொடுக்கும். விளையாட்டும் கொடுக்கும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் எங்கள் கார்த்திகா இருந்தார். 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே பத்திரிகைகள் எழுதின. அந்த வாரமே பிள்ளைகள் பறைச் சட்டங்களில் தங்கள் பேருக்கு முன்னால் ஊர்ப் பேரையும் எழுதிக்கொண்டார்கள், பெயின்டில், கோணல்மாணலாக.

சில வாரங்களுக்கு முன் மேடை கட்டி முடித்த சாயங்காலம், மூன்றாம் மாடித் தாத்தா ஒருவர் இறந்துபோனார். நிறுத்தச் சொல்லி யாரும் வரவில்லை. பிள்ளைகளே வாடகை நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிப் போய் அந்த வீட்டுக்குக் கீழே போட்டார்கள். டியூப் லைட்டை அவிழ்த்து அங்கே கட்டினோம். ராத்திரி கானா பாட வந்தவர்கள் எங்கள் மைக்கில் பாடினார்கள். பறைகள் உறையிலேயே இருந்தன.

காரியம் முடிந்த மறுவாரம் நிகழ்ச்சி வைத்தோம். மதியமே தாத்தாவின் மகள் வந்து, மேடைக்கு முன்னால் கூட்டித் தண்ணீர் தெளித்தார்.