கள்ளிக்கு வந்த நோய்

வறண்ட நிலத்தில் பிறந்த கள்ளிக்குத் தாகம் பழக்கம். தேங்கிய நீர்தான் எமன். அடையாற்றங்கரையிலுள்ள எங்கள் சைதாப்பேட்டை 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்காது. ஆனால், தொட்டிக் கள்ளியைக் கொல்ல வெள்ளம் வேண்டாம். தொட்டியின் அடித்துளை அடைபட்டாலே போதும்.

அம்மா வளர்க்கும் கள்ளி சென்ற கார்த்திகை மழையில் சுருங்கிச் சாய்ந்தது. "பாவம் வாடுது, தண்ணி ஊத்துப்பா" என்றார். மண்ணோ ஈரம்! காற்றின்றி வேர் செத்துவிட்டால் ஈரத்தில் நின்றும் செடி வாடும். செத்த வேர் வழியே பூஞ்சை மேலேறும். அடித்தண்டை அழுத்தினேன், பழுத்த பழமாய் உள்வாங்கியது. பழுப்பு நிறம், துர்நாற்றம். ஐயமில்லை, அழுகல்தான்.

ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் கீழிருந்து சீவினேன். சதை பச்சையானது, நடு வளையத்தில் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி. அதை விட்டால் அழுகல் மீண்டும் ஏறும். மேலும் சீவினேன். "முக்கால்வாசி போச்சே!" என்று அம்மா கலங்கினார். மிஞ்சியது கையளவு.

வெட்டுவாயில் கந்தகத்தூள் தடவி, நிழலில் பத்து நாள் உலர்த்தி, அது காய்ந்து இறுகியபின், பருமணலும் செங்கல்துண்டும் கலந்து நட்டேன். ஒரு வாரம் நீர் காட்டவில்லை. தையில் வேர்விட்டது. இப்போதெல்லாம் அம்மா மண்ணில் குச்சி செருகி, அது உலர்ந்து வந்தால்தான் நீர் ஊற்றுகிறார்.