வரியின் நடுவே ஒரு மூச்சு

மடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் திருப்பாடல் சொல்லும்போது தடுமாறுவது சொற்களில் அல்ல, வரியின் நடுவே மூச்சு வாங்கும் இடத்தில்தான். சிற்றாலயத்தில் இரண்டு பக்கமாக எதிரெதிரே நிற்கிறோம். ஒரு பத்தி இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். பாதி வரியில் எல்லாரும் நிறுத்தி, மூச்சு வாங்கி, மீதியை ஒன்றாகத் தொடங்க வேண்டும். அவசரக்காரி அங்கேதான் தனியாக முந்திவிடுவாள். வயதான சகோதரி இழுத்துச் சொன்னால் மொத்தப் பக்கமும் அவருக்காக இழுத்தாக வேண்டும். பிள்ளைகளிடம் நான் சொல்வது: பக்கத்தில் நிற்பவர் குரல் உன் காதில் விழவில்லையா, உன் சத்தத்தைக் குறை.

வேளை தவறாத செபம் துறவிகள் உண்டாக்கியதல்ல. பேதுருவும் யோவானும் பிற்பகல் மூன்று மணி செபத்துக்குக் கோவிலுக்குப் போனதைத் திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் சொல்லி முடிக்கும்படி வகுத்தார். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை நான்கு வாரச் சுற்றாக்கினார். பள்ளியும் மருந்தகமும் பார்க்கிற எங்களுக்கு அது பெரிய உதவி.

வெள்ளி இரவு செபத்தில் 88-ஆம் திருப்பாடல் வரும். ஆறுதலாக ஒரு சொல்கூட இல்லாமல் இருளிலேயே முடிகிற பாடல். அன்று என் மனசு நிறைந்திருக்கலாம்; ஆனாலும் சொல்கிறேன். அந்நேரம் ஏதோ ஒரு ஐசியூ வாசலில் வாயடைத்து உட்கார்ந்திருப்பவளின் செபம் அது என்று உறுதியாக நம்புகிறேன். பிடித்த பாடலை மட்டும் நானே எடுத்துச் செபித்திருந்தால் அவள் நினைவே எனக்கு வந்திருக்காது. என் அம்மா இறந்த வாரத்தில் காலைப் புகழ்மாலையில் ஒரு வரியும் எனக்கு வாயில் வரவில்லை. இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். எனக்கும் சேர்த்துத்தான்.

குடும்பஸ்தர்கள், எங்களுக்கு ஏது நேரம் என்பார்கள். மூவேளை செபத்தில் தொடங்குங்கள். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. கோவில் மணி எட்டாத ஊரில் செல்போன் அலாரம் போதும். அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றபடியே சொல்லலாம். பாஸ்கா காலத்தில் மட்டும் அதற்குரிய செபம் வேறு. ஒரு வேளை விட்டுப்போனால், கடன் அடைப்பதுபோல அடுத்த வேளையில் சேர்த்துச் சொல்ல வேண்டாம். அந்த வேளைக்கு உரியதை நிதானமாகச் சொல்லுங்கள்.