மண்டபம் முதல் முன்சீப் கோர்ட் வரை

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. ஆறு பிரிகிற சீமையில் வழக்குக்குப் பஞ்சமிருக்காது. மடை யாருடையது, வரப்பு எங்கே முடிகிறது, பங்காளிக்கு எத்தனை மா நிலம் என்று காலம் காலமாகத் தகராறுதான். இவற்றைத் தீர்த்த இடங்களைத் தேடிப் போனால் முதலில் கோவில் மண்டபத்தில்தான் நிற்போம்.

சோழர் காலத்தில் பிரமதேய ஊர்களின் சபை பெரும்பாலும் கோவிலில் கூடியது. உத்தரமேரூரில் அதற்கென்றே ஒரு மண்டபம் இருந்தது. அதன் கருங்கல் அடித்தளத்தை இன்றும் பார்க்கலாம். குடவோலை விதிகளைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அங்கேதான் உள்ளன. அவற்றின்படி, கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வாக முடியாது. ஆனால் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தச் சபையில் இடம். உழுதவனுக்கு இல்லை.

காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீஸ்வரர் கோவில் சுவரே வழக்குக் கட்டாக இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலானோரின் சொத்து பறிக்கப்பட்ட செய்தி, முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டாக அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குற்றவாளிகளின் உறவினர் நிலமும் தப்பவில்லை. அரச குடும்பத்துக் கொலை வழக்கின் முடிவு ஊரார் வலம் வரும் சுவரில், தமிழில் ஏறியது.

1799இல் இரண்டாம் சரபோஜி ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தபின் நீதி காகிதத்துக்கு மாறியது. டேனியரிடமிருந்து 1845இல் வாங்கிய தரங்கம்பாடிதான் 1860 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைநகர். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான தி. முத்துசாமி ஐயர் அங்கே முன்சீப்பாக இருந்தவர். 1857இல் அதே ஊரில் முன்சீப் ஆனவர் வேதநாயகம் பிள்ளை. மேல் கோர்ட்டின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் கிடந்ததைக் கண்டு, 1805 முதல் 1861 வரையிலானவற்றைத் திரட்டி, 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் தந்தார். சுவரை விட்டுப் போன தமிழைச் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவந்த வேலை அது.

அந்தக் காலத்து அரசுக் கட்டடங்களுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு: சுண்ணாம்புக் காரையில் எழுந்த தடித்த செங்கல் சுவர், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாய் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், வெக்கை மேலே தங்கும்படி உயர்ந்த கூரை, சுற்றிலும் அகலமான தாழ்வாரம். கோர்ட்டானால் அந்தத் தாழ்வாரம்தான் கட்சிக்காரரின் உலகம். வக்கீல் குமாஸ்தா மனு எழுதுவதும், வாய்தா கேட்டு அலுத்தவர் உட்காருவதும், டவாலி கூப்பிடும் பெயருக்குக் காது கொடுப்பதும் அங்கேதான்.

சோழர் சுவர்களில் பலவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்திருக்கிறோம். சுண்ணாம்புச் சுவர் முன்சீப் கோர்ட்டுகளை அப்படி யாரும் கவனிப்பதில்லை. புதிய வளாகம் வந்ததும் பழையது பாழாகிறது. உங்கள் தாலுகாவில் அப்படி ஒன்று இருந்தால், இடிப்பதற்குள் அளந்து, படமெடுத்து, அங்கே வழக்காடிய பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.