ஒரே துண்டுக்குள் ரெண்டு மாடு பேசாதே

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு அப்பாருவோடு முதன்முதலில் போனபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். செவ்வாய்க்கிழமை சந்தை. விடியும் முன்பே லாரிகள் வந்து நிற்கும். விற்கிறவரும் தரகரும் எதிரெதிரே நின்று கைமேல் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரல்கள்தான் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பாரு பிடித்துப்போன மாட்டைப் பார்க்கவே மாட்டார். நாலு மாடு தள்ளி நிற்கிற வேறொரு மாட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டிருப்பார். "ஆசைய மூஞ்சில காட்டுனா ஆயிரம் ரூவா போச்சு கண்ணு" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "பழைய மாட்டையும் புது மாட்டையும் ஒரே துண்டுக்குள்ள பேசாத. எதுல ஏமாந்தேன்னு உனக்கே தெரியாது."

இதெல்லாம் தெரிந்த நான்தான் 2014ல் முதல் கார் வாங்கும்போது முழுசாக ஏமாந்தேன்.

மச்சினன் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. கல்யாணத்துக்குப் புதுக் காரில் போய் இறங்கணும் என்று ஆசை. முதல் தடவை போகும்போதே குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போனேன். பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதான். வீட்டம்மா கலரை முடிவு பண்ணிவிட்டாள். நான், "கல்யாணத்துக்கு முன்னால கைக்கு வந்துருமுங்களா?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியிலேயே விலை முடிந்துவிட்டது. அவர்கள் நீட்டிய தாளில் இருந்ததை அப்படியே கட்டினேன். இரண்டு மாதம் கழித்து, பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதே வண்டியை 38,000 ரூபாய் குறைவாக வாங்கியிருந்தார். கல்யாணத்தில் இறங்கிய பெருமையெல்லாம் அன்றைக்கே இறங்கிவிட்டது.

இப்போது, போன டிசம்பரில், அடுத்த கார். இந்தத் தடவை ஆசை இல்லை, தேவை. அம்மாவை மாதம் இரண்டு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பழைய வண்டி கிணத்துக்கடவு தாண்டி இரண்டு தடவை நடுரோட்டில் நின்றுவிட்டது. ரெண்டாவது தடவை மத்தியான வெயிலில் அம்மா ஒரு மணி நேரம் பெட்டிக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணம் தேங்காய்ப் பணம். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் 2025ல்தான் தேங்காய்க்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் எங்கள் பக்கம் வேர் வாடல் நோய் வந்து மரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. வெள்ளை ஈ வேறு. என் தோட்டத்திலேயே அறுபது மரத்துக்கு மேல் வெட்டியாகிவிட்டது. இந்த மாதிரிப் பணம் இன்னொரு தடவை சேருமா என்று தெரியாது. அதனால் ஒரு ரூபாயைக்கூடத் தெரியாமல் விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன்.

இந்தத் தடவை தனியாகப் போனேன். பழைய வண்டியில் போகவில்லை, பஸ்ஸில் போனேன். வெளியே பழைய வண்டி நின்றால் அவர்கள் அதைத்தான் முதலில் பேசுவார்கள்.

விற்பனைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பையன். "ஆன்ரோடு பத்து நாப்பத்தெட்டு வரும்ணா" என்றான். "தம்பி, மொத்தமாச் சொல்லாத, பிரிச்சு எழுதிக் குடு" என்றேன். எழுதியது இதுதான்:

ஷோரூம் விலை 8,40,000. ஆயுள் வரி 1,09,200. இன்சூரன்ஸ் 47,800. ஆக்சஸரீஸ் 24,000. கூடுதல் வாரண்டி 14,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500. பதிவு, நம்பர் பிளேட் 3,400. ஃபாஸ்டேக் 600. மொத்தம் 10,48,000.

சந்தையில் விலை துண்டுக்குள் ஒளிந்திருக்கும். இங்கே அச்சடித்த தாளிலேயே ஒளிந்திருக்கிறது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன். கோயமுத்தூரில் அதே கம்பெனியின் வேறொரு ஷோரூமிலும் ஒரு தாள் வாங்கினேன். ராத்திரி இரண்டையும் பக்கத்தில் வைத்து, எதைக் குறைக்க முடியும், எதைக் குறைக்க முடியாது என்று பிரித்தேன்.

வரியைக் குறைக்க முடியாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டினால் 18. அது அரசாங்கத்துக்குப் போகிற பணம், பையனிடம் பேசிப் பிரயோசனம் இல்லை.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கிற சின்ன பெட்ரோல் காருக்கு 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. பையன் இதைத்தான் முதல் ஆஃபராகச் சொன்னான். "ஜிஎஸ்டி ஆஃபர்லயே இவ்வளவு குறைஞ்சிருக்குண்ணா." குறைத்தது அரசாங்கம். ஷோரூம் என்ன குறைக்கிறது என்பதுதான் கேள்வி.

இன்சூரன்ஸ் குறைக்கக்கூடியது. புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அந்தக் கட்டணம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். ஆயிரம் சிசிக்கு மேல் ஆயிரத்து ஐந்நூறு சிசி வரை 10,640 ரூபாய், அதற்குமேல் வரி. மிச்சம் எல்லாம் நம் வண்டிக்கு ஏற்படுகிற சேதத்துக்கான பகுதி. அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே கேட்டபோது அதே காப்பு, அதே பம்பர்-டு-பம்பர் எல்லாம் சேர்த்து 34,000 சொன்னார்கள்.

ஆக்சஸரீஸ் 24,000 என்பது மிதியடி, சீட் கவர், மட்கார்டு, பெயர் தெரியாத நாலு பிளாஸ்டிக் பட்டை. மாடு விற்கிறவர் கயிற்றைத் தரமாட்டார், அது சந்தை வழக்கம். ஆனால் கயிறு வாங்கினால்தான் மாடு என்று யாரும் சொன்னதில்லை.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்றால் என்ன என்று கேட்டேன். "வண்டி குடோன்ல இருந்து இங்க வர்றதுக்குண்ணா" என்றான். "கடைக்கு வராத வண்டிய நீ எப்படித் தம்பி விப்ப?" என்றேன். சிரித்துவிட்டான்.

கூடுதல் வாரண்டியை மட்டும் வைத்துக்கொண்டேன். நான் வண்டியைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருப்பவன்.

இரண்டாவது தடவை போகும்போது நான் ஒரு தப்பு செய்தேன். "லோனெல்லாம் வேண்டாம் தம்பி, முழுப் பணமும் குடுத்தர்றேன்" என்றேன். சந்தையில் ரொக்கம் என்றால் தனி மரியாதை. இங்கே பையன் முகம் வாடிவிட்டது. லோன் பிடித்துக் கொடுத்தால் ஷோரூமுக்கு பாங்கிலிருந்து கமிஷன் உண்டு. அது போய்விட்டது என்றால் தள்ளுபடியில் கை இறுகும். எனவே விலை முடிகிறவரை லோனா ரொக்கமா என்று வாயைத் திறக்காதீர்கள். ரொக்கம் என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, இரண்டு லட்சமோ அதற்கு மேலோ கையில் வாங்கக் கூடாது. பாங்க் வழியாகத்தான்.

அப்புறம் மேனேஜர் வந்தார். "பழைய வண்டிய எக்ஸ்சேஞ்ச்ல போடுங்க சார், ஒண்ணு பத்து எடுத்துக்கறோம். மொத்தமா நல்லா முடிச்சுத் தர்றேன்" என்றார். அப்பாரு காதுக்குள் பேசினார். "அது வேற பேச்சுங்க சார், இது வேற பேச்சு" என்றேன். பழைய வண்டியைப் பிறகு ஊரில் தெரிந்த மெக்கானிக் மூலம் 1,45,000க்கு விற்றேன். மேனேஜர் சொன்ன நல்ல முடிவில் அந்த 35,000 எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது.

கோயமுத்தூர்த் தாளை மேஜைமேல் வைத்தேன். என் கணக்கையும் வைத்தேன். இதற்கு வந்தால் எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் ஜனவரியில் பார்க்கலாம் என்றேன். மேனேஜர் முடியாது என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், பஸ் ஸ்டாண்டு வரை நடக்கும்போது மனசு அடித்துக்கொண்டது. அடுத்த வாரம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. போன் பண்ணிச் சரி என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. வீட்டம்மாதான், "ஒரு தடவைக்கு வாடகைக் கார் புடிச்சா மூவாயிரம் ஆகுமுங்களா? ஆகட்டுமுங்க. அவசரத்துக்கு அறுவதாயிரம் குடுக்கறதுக்கு அது பரவால்ல" என்றாள். அப்படியே வாடகைக் காரில் போய்வந்தோம்.

டிசம்பர் 29ஆம் தேதி பையன் போன் செய்தான். "அண்ணா, நீங்க சொன்ன ரேட்டுக்கு வாங்கண்ணா. ஆனா 31க்குள்ள பில் போட்டரணும்."

காரணம் எனக்குத் தெரியும். வருஷம் திரும்பினால் குடோனில் நிற்கிற வண்டி 2025 மாடல் என்று ஆகிவிடும். சந்தையில் பல் விழுந்த மாதிரி. அது போக மாதக் கடைசி இலக்கு வேறு. விற்பனைச் சான்றிதழில், அதாவது படிவம் 21ல், வண்டி தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே சேசிஸ் நம்பரோடு அதை எழுதி வாங்கினேன். நவம்பர் வண்டி. மூன்று நாலு வருஷத்தில் விற்கிறவர்களுக்கு டிசம்பரில் வாங்குவது நஷ்டமாக இருக்கலாம், விற்கும்போது ஒரு வருஷம் கூடுதலாகக் கணக்குப் போடுவார்கள். என்னைப் போல ஓட்டித் தேய்க்கிறவனுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

கடைசிக் கணக்கு: வருஷக் கடைசித் தள்ளுபடி 25,000. இன்சூரன்ஸில் 13,800 குறைந்தது. ஆக்சஸரீஸில் மிதியடி, மட்கார்டு மட்டும் 3,500க்கு, அதில் 20,500 மிச்சம். ஹேண்ட்லிங் 8,500 போய்விட்டது. ஆக 67,800 குறைந்து 9,80,200க்கு முடிந்தது. சாவி வாங்கும்போது பையனிடம், "உன்ற கமிஷன்ல கை வெச்சுட்டனா தம்பி?" என்று கேட்டேன். "இந்த வண்டியோட எனக்கு டார்கெட் முடிஞ்சுதுண்ணா" என்றான். நிஜமா, மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொன்னானா, தெரியாது.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நான் ஒன்றும் கெட்டிக்காரனாகிவிடவில்லை. 2014ல் எனக்குப் பத்து நாள்தான் இருந்தது, அதனால் அவர்கள் விலை வைத்தார்கள். இந்தத் தடவை அவர்களுக்கு மூன்று நாள்தான் இருந்தது, நான் வைத்தேன். தக்காளி போடுகிற என் பங்காளிக்கு விடிகாலை மார்க்கெட்டில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. அவன் எப்போதாவது விலை வைத்திருக்கிறானா? ஹேண்ட்லிங் சார்ஜைப் பார்த்து எனக்கு அத்தனை கோபம் வந்ததே, அதை நாங்கள் தலைமுறையாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். தரகு, சாக்குக் கழிவு, இறக்குகூலி. தேங்காயில் லாபக்காய் என்று ஒன்று உண்டு. நூறு காய் எண்ணினால் அதன்மேல் வியாபாரி சும்மா எடுத்துக்கொள்கிற காய். என்னிடம் நூற்றுக்கு ஐந்து எடுப்பார்கள். ஏன் என்று அப்பாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்து காய் போட்டோம். எட்டாயிரம் காய். வியாபாரி வந்து விலை சொன்னார். "விலை, உரிகூலி, லாபக்காய் எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிச்சு எழுதிக் குடுங்க" என்றேன். "ஏனுங்ண்ணா, கார் வாங்குனதுக்கு அப்புறம் பேச்சே மாறிப்போச்சு" என்று சிரித்தார். எழுதவில்லை. போய்விட்டார்.

தேங்காய் தக்காளி இல்லை, குவியலில் கொஞ்ச நாள் கிடக்கும். காருக்குக் கடன் வாங்காததால் எனக்கும் அந்த வாரம் தவணை கட்ட வேண்டியது இல்லை. காயை நிழலில் குவித்துவிட்டு, அம்மாவைப் புது வண்டியில் கோயமுத்தூர் கூட்டிப்போய் வந்தேன். ஐந்தாம் நாள் அவரே வந்தார். விலை அதேதான். லாபக்காய் நூற்றுக்கு மூன்று என்றார்.

நூற்று அறுபது காய் மிச்சம். அம்மா அதில் பத்து காயை எடுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்.