எதிரியின் அச்சகம்

தேர்தல் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'கூட்டணி' என்று எழுதுகிறோம் என்பதை எந்த மொழிபெயர்ப்பாளனும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2019 மே 17, வெள்ளிக்கிழமை இரவு நானும் எண்ணவில்லை. மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவுக்கு இரண்டே நாட்கள். டெல்லியில் எங்கள் அலுவலகத்தின் தமிழ்ப் பிரிவில் எல்லா மேஜைகளிலும் ஒரே பேச்சு. யார் யாரோடு சேருவார்கள், நேற்றுவரை திட்டியவர் நாளை யாருக்குப் பொன்னாடை போர்த்துவார்? அந்தச் சந்தடியில் வணிகப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. ஜப்பானின் சோனியும் அமெரிக்காவின் மைக்ரோசாஃப்டும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன.

அரை மணி நேரத்தில் தமிழில் தர வேண்டும். பழக்கதோஷம், கை தானாகத் தலைப்பைப் போட்டது: 'வீடியோ கேம் எதிரிகள் கூட்டணி'. பக்கமும் போய்விட்டது.

மறுநாள் காலை என் மகன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போது ஒன்பதாம் வகுப்பு. டெல்லியில் வளர்ந்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். இந்தச் செய்தியை மட்டும் விரல் வைக்காமல் படித்திருந்தான்.

"அப்பா, இது தப்பு. கூட்டணின்னா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே மெஷின் செய்யப்போற மாதிரி இருக்கு. அவங்க சண்டை போட்டுக்கிட்டேதான் இருக்கப்போறாங்க."

"அப்படின்னா எதுக்குடா ஒப்பந்தம்?"

"அது கிளவுட்டுக்கு. விளையாட்டு வேற, கிளவுட் வேற."

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். ஒரு சொல்லுக்காக அரை நாள் அகராதி புரட்டியிருக்கிறேன். பதினான்கு வயதுப் பையனிடம் ஒரு சொல்லில் தோற்றது உறுத்தியது. அலுவலகம் போனதும் மூலச் செய்தியை மறுபடி எடுத்து நிதானமாகப் படித்தேன்.

சோனியின் தலைவர் கெனிச்சிரோ யோஷிதாவும், ஹைதராபாத்தில் பிறந்து மைக்ரோசாஃப்டின் தலைமைக்கு உயர்ந்த சத்யா நாதெள்ளாவும் செய்துகொண்ட ஏற்பாடு அது. மைக்ரோசாஃப்டின் 'அஷ்யூர்' கம்ப்யூட்டர் வசதியைக் கொண்டு விளையாட்டுகளையும் படங்களையும் இணையம் வழியே அனுப்பும் வழிகளை இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆராயும். செமிகண்டக்டர், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றிலும் ஒத்துழைப்புக்கு இடம் உண்டு. 'ஆராயும்' என்பதுதான் முக்கியமான வினைச்சொல். அவசரத்தில் நான் அதைப் பெயர்ச்சொல்லாக்கி, பெயர்ச்சொல்லைக் கூட்டணியாக்கிவிட்டேன்.

அந்த இரு நிறுவனங்களின் பகை சாதாரணமானதல்ல. சோனி இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கூட்டு முறிந்த கோபத்தில். நிண்டெண்டோவின் விளையாட்டுக் கருவிக்கு சி.டி. வசதி சேர்க்கும் வேலையில் சோனி ஈடுபட்டிருந்தது. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதைப் பெருமையாக அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில், தன் கூட்டாளி ஃபிலிப்ஸ் என்று நிண்டெண்டோ அறிவித்தது. மேடையிலேயே கைவிடப்பட்ட சோனி, கென் குட்டராகி என்ற பொறியாளரின் பிடிவாதத்தால் சொந்தமாகக் கருவி செய்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் பிறந்தது. 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ்' என்று எதிரில் கடை விரித்தது. அன்றிலிருந்து இந்த இரண்டும் கீரியும் பாம்பும்தான். 2019இல் சோனியின் பிரிவுகளில் அதிக விற்பனை கண்டது விளையாட்டுப் பிரிவு. பிளேஸ்டேஷன் 4 ஒன்பது கோடிக்கு மேல் விற்றிருந்தது. ஜெயித்துக்கொண்டிருந்தவன் எதற்காக எதிரியின் வீட்டுக் கதவைத் தட்டினான்?

பதில் தூரத்தில் இருக்கிறது. உண்மையாகவே தூரத்தில்.

கிளவுட் விளையாட்டில் உங்கள் வீட்டில் கருவி வேண்டியதில்லை. நீங்கள் பொத்தானை அழுத்தினால் அந்தத் தகவல் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. குதிப்பதா சுடுவதா என்ற கணக்கை அது போட்டு, படமாக்கித் திருப்பி அனுப்புகிறது. நல்ல விளையாட்டுக்கு ஒரு விநாடிக்கு 60 படம் வேண்டும்; ஒரு படத்துக்கு 17 மில்லி விநாடிதான் அவகாசம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். டெல்லியிலிருந்து சென்னை வான்வழியில் சுமார் 1,750 கிலோமீட்டர். டெல்லியில் பொத்தானை அழுத்துபவனுக்குச் சென்னையிலிருந்து பதில் வர, போய்த் திரும்பும் பயணத்துக்கே ஒரு படத்தின் அவகாசம் தீர்ந்துவிடும். கணக்குப் போட நேரம் ஏது? ஆக, விளையாடுபவன் எங்கிருக்கிறானோ அதற்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் நிலையம் இருந்தாக வேண்டும். உலகம் முழுவதும் விளையாடுகிறார்கள் என்றால், உலகம் முழுவதும் நிலையங்கள் வேண்டும்.

'மேகம்' என்று மொழிபெயர்க்கிறோமே, அது ஏமாற்றும் சொல். அது ஆகாயத்தில் மிதப்பதில்லை. அதற்கு விலாசம் உண்டு, வாசலில் காவலாளி உண்டு, மின்சாரக் கட்டணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, மும்பை, சென்னை மூன்று இடங்களிலும் அப்படிப்பட்ட மேகங்களைத் திறந்தது. உலகளவில் இந்த வேலையைச் செய்யும் அளவுக்குப் பணமும் நிலமும் கம்பியும் வைத்திருந்தவை அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற சில நிறுவனங்கள்தான். சோனியிடமும் முன்னேற்பாடு இருந்தது. 2012இல் 38 கோடி டாலர் கொடுத்து 'கைகாய்' என்ற நிறுவனத்தை வாங்கி, 2014இல் தன் கிளவுட் சேவையைத் தொடங்கியிருந்தது. ஆனால் 2019 மார்ச்சில் கூகுள் 'ஸ்டேடியா' என்று தானே விளையாட்டுக் களத்தில் இறங்குவதாக அறிவித்தது. இரண்டே மாதத்தில் சோனி மைக்ரோசாஃப்டோடு கைகுலுக்கியது.

இதைப் படித்தபோது திருக்குறளில் 'பகைத்திறந்தெரிதல்' அதிகாரம் நினைவுக்கு வந்தது. துணையில்லாத ஒருவனுக்கு இரண்டு பகை வாய்த்துவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு குறள் யோசிக்கிறது. இருவரில் ஒருவனை இனிய துணையாக ஆக்கிக்கொள் என்பது வள்ளுவர் தரும் யோசனை. டோக்கியோவில் யாரும் குறள் படித்திருக்க வேண்டியதில்லை. நெருக்கடி வந்தால் எல்லா ஊரிலும் புத்தி ஒரே திசையில்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

ஆனால் எனக்கு அந்தக் குறளைவிட வேறொன்று அதிகமாக நினைவுக்கு வந்தது: மை வாசனை.

இருபத்துநான்கு வயதில் பெங்களூரில் ஒரு சின்னத் தமிழ் நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தேன். என் முதல் வேலை. சொந்தமாக ஒரு பழைய அச்சு இயந்திரம். வாரத்துக்கு இரண்டு முறை நின்றுவிடும். 2001 தொடக்கத்தில் முதலாளி ஒரு முடிவெடுத்தார். ஊரிலேயே எங்களுக்குப் போட்டியான நாளிதழின் அச்சகத்தில் எங்கள் பேப்பரையும் அச்சடிப்பது. அவர்களிடம் புது இயந்திரம், இரவில் சில மணி நேரம் சும்மா நிற்கிறது. அவர்களுக்கு வாடகை, எங்களுக்குச் செலவு மிச்சம். பத்திரிகை உலகில் இது அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஃபோர்மேனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "மெஷினை விக்காதீங்க முதலாளி, மூலையில கிடந்துட்டுப் போகட்டும்" என்றார். இடம் அடைக்கிறதென்று முதலாளி அதை எடைக்குப் போட்டுவிட்டார்.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. எழுத்து பளிச்சென்று விழுந்தது. ஏஜெண்டுகள் பாராட்டினார்கள். பகலில் செய்திக்காக அடித்துக்கொள்ளும் இரண்டு பத்திரிகைக்காரர்களும் இரவில் அந்த அச்சக வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். எங்கள் பேப்பர் தினமும் எத்தனை பிரதி போகிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அதை நாங்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு செப்டம்பர் 11 வந்தது. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தபோது நமக்கு இரவு தொடங்கும் நேரம். டெலிபோன் ஓயவில்லை, எல்லா ஏஜெண்டுகளும் இரு மடங்கு பிரதி கேட்டார்கள். நானே முதல் பக்கத்தை மொழிபெயர்த்தேன். இரவு பதினொன்றரைக்கு அச்சகத்தில் பக்கங்கள் தயார். இயந்திரம்தான் காலியில்லை. அவர்களுடைய ஏஜெண்டுகளும் இரு மடங்கு கேட்டிருந்தார்கள் அல்லவா? ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது: அவர்கள் பிரதி முடிந்த பிறகுதான் எங்கள் பிரதி. விடியும் நேரத்தில்தான் எங்கள் முறை வந்தது. காலை எட்டு மணிக்குமேல் பேப்பர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வேறு பேப்பர் வாங்கியிருந்தார்கள்.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. யாரும் வஞ்சம் தீர்க்கவில்லை. அவர்கள் தங்கள் பேப்பரை முதலில் அச்சடித்தார்கள், அவ்வளவுதான். நாங்களாக இருந்தாலும் அதையே செய்திருப்போம். ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு ஏஜெண்டுகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அடுத்த ஆண்டு பேப்பர் நின்றது. ஃபோர்மேன் ஊருக்குப் போய்விட்டார். நான் டெல்லிக்கு ரயில் ஏறினேன்.

அதனால்தான் சோனி ஒப்பந்தச் செய்தியின் தொடர்ச்சியை, என் துறை இல்லாவிட்டாலும், ஒரு பழைய கணக்கைச் சரிபார்ப்பவனைப் போல விடாமல் படித்து வந்தேன்.

மகன் சொன்னது பலித்தது. 2020 நவம்பர் 10ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் புதிய கருவியைக் கொண்டுவந்தது. சரியாக இரண்டு நாள் கழித்து, 12ஆம் தேதி, சோனி பிளேஸ்டேஷன் 5ஐ இறக்கியது. 2022 ஜனவரியில், 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டைத் தயாரிக்கும் ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சோனி பலமாக எதிர்த்தது. அந்த விளையாட்டு தன் கருவிக்கு மறுக்கப்படலாம், அல்லது தரம் குறைந்து வரலாம் என்பது சோனியின் பயம்.

2023 ஏப்ரலில் பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு அந்தப் பேரத்தைத் தடுத்தது. சொன்ன காரணம்: கிளவுட். விண்டோஸும் கிளவுட் நிலையங்களும் எக்ஸ்பாக்ஸும் ஏற்கெனவே மைக்ரோசாஃப்டிடம் இருக்கின்றன. பிரபல விளையாட்டுகளும் போய்ச் சேர்ந்தால் வளர்ந்துவரும் கிளவுட் விளையாட்டுச் சந்தையில் போட்டி நசுங்கும் என்றது. என் பாஷையில் சொன்னால், அச்சகமும் பத்திரிகையும் எழுத்தாளர்களும் ஒரே கையில். கடைசியில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே ஆக்டிவிஷன் விளையாட்டுகளின் கிளவுட் உரிமையை ஃபிரான்ஸின் யூபிசாஃப்டுக்கு விட்டுக்கொடுத்த பிறகே, 2023 அக்டோபரில் பேரம் முடிந்தது. அதற்கு முன், ஜூலையில், கால் ஆஃப் டியூட்டியைப் பத்தாண்டு பிளேஸ்டேஷனுக்கும் தருவதாக மைக்ரோசாஃப்ட் சோனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. கைகுலுக்கிய நான்கு ஆண்டில் பாதி நாள் வழக்கு, பாதி நாள் உடன்படிக்கை.

எந்த மூன்றாமவரைப் பார்த்து இந்த இருவரும் நெருங்கினார்களோ, அந்த ஸ்டேடியா என்ன ஆனது? 2023 ஜனவரி 18இல் கூகுள் அதை மூடிவிட்டது. விளையாட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அந்த வகையில் நியாயமாகவே நடந்துகொண்டது. ஆனால் அலமாரியில் வைக்க ஒரு தட்டுகூட அவர்களிடம் மிஞ்சவில்லை.

சோனிக்கு எங்கள் பேப்பரின் கதி நேரவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். எதிரியின் மேகத்தை ஆராய்ந்தபோதும் அது தன் பழைய இயந்திரத்தை எடைக்குப் போடவில்லை. வீட்டில் வைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 5 ஏழு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. சொந்தக் கருவி, சொந்த விளையாட்டு, சொந்த வாசகர் என்று சொல்லலாம். அதை வைத்துக்கொண்டு எதிரியோடு பேசுவது வேறு. அதை விற்றுவிட்டுப் பேசுவது வேறு. வள்ளுவரும் அந்த யோசனையோடு நிறுத்தவில்லை. அடுத்த குறளிலேயே, கேடு வரும் காலத்தில் பகைவனை முழுக்க நம்பவும் வேண்டாம், முழுக்க விலக்கவும் வேண்டாம் என்கிறார். எங்கள் ஃபோர்மேன் இதை ஒரே வரியில் சொல்லியிருந்தார். கேட்கத்தான் ஆளில்லை.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. மகன் படிப்புக்காக வேறு ஊரில் இருக்கிறான். அவனுடைய விளையாட்டுத் தட்டுகள் ஓர் அட்டைப் பெட்டியில் பரண்மேல் கிடக்கின்றன. போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அதைக் கீழே இறக்கி, எடைக்குப் போட்டுவிடலாமா என்று போனில் கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. இப்ப எல்லாமே கிளவுட்லதான் ஆடறேன். ஆனா அது இருக்கட்டும்."

"ஏண்டா, இடம் அடைக்குதே?"

"அடைச்சா அடைச்சுட்டுப் போகட்டும்."

பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன். இறங்கும்போது எனக்கு அந்தத் தலைப்பு கிடைத்துவிட்டது. ஆறு வருடம் தாமதம். 'எதிரியிடம் வாடகைக்கு இடம் பார்க்கிறது சோனி' என்று போட்டிருக்க வேண்டும்.