பில்லுக்கு மேலே

2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓட்டல்காரர்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தாங்களாகவே சேர்க்கக் கூடாது, சாப்பிட்டவர் விரும்பினால் கொடுக்கட்டும் என்றது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் போட்ட விதிகளை எதிர்த்து ஓட்டல் சங்கங்கள் தொடுத்த வழக்கு அது. நான் பார்த்த தொலைக்காட்சி விவாதங்களில் வக்கீல் பேசினார், ஓட்டல் முதலாளி பேசினார், நுகர்வோர் பேசினார். தட்டு தூக்குகிறவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

அந்தக் கோடையில் கோபன்ஹேகனில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். பேச்சுவாக்கில் இந்தத் தீர்ப்பைச் சொன்னதும், "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், கோல்ஃப் கிளப்பில பரிமாறுறவர். அவரிட்டைக் கேளுங்கோ" என்று போனை எடுத்தார்.

டென்மார்க்கில் கோல்ஃப் கிளப் என்றதும் நம் ஊர் ஜிம்கானாவையும் மெட்ராஸ் கிளப்பையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வேட்டி கட்டிய நீதிபதியை 2014இல் வாசலிலேயே நிறுத்திய சேப்பாக்கத்துக் கிளப் அங்கே கிடையாது. கோபன்ஹேகன் கோல்ஃப் கிளப் 1898இல் தொடங்கியது, ஸ்காண்டிநேவியாவிலேயே பழையது. அதன் மைதானம் நகருக்கு வடக்கே மான் காட்டுக்குள் இருக்கிறது. அரசர்கள் வேட்டையாடிய காடு. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். பந்து அடிப்பவர் பக்கத்தில் மான்கள் மேய்கின்றன. குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்கள் மைதானத்தின் ஓரமாகப் போகிறார்கள்.

நண்பர் சொன்ன ஆள் வேலை பார்ப்பது அங்கில்லை, இன்னும் வடக்கே போனால் வரும் வேறொரு கிளப்பில். மைதானம் உறுப்பினர்களின் சங்கத்துக்குச் சொந்தம். சாப்பாட்டுக் கூடம் மட்டும் குத்தகை. அங்கே பெரும்பாலான கிளப்புகளில் இதுதான் ஏற்பாடு. குத்தகைக்காரர் மாறுவார், சமையல்காரர் மாறுவார். இவர் மட்டும் முப்பது வருடத்துக்கு மேலாக அதே கூடத்தில் இருக்கிறார். அப்போது வயது 62. ஊர் இலங்கையில் வடமராட்சி.

"பேர் போடாதேங்கோ தம்பி. குத்தகைக்காரன் தமிழ் வாசிக்கமாட்டான். எங்கட சனம் வாசிக்கும்."

அன்று மதியம் ஒரு திருமண வெள்ளி விழா விருந்து. நாற்பது பேர். சமையலறைக் கதவோரம் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். எந்த மீனுக்கு எந்த ஒயின், எந்தக் கோப்பையில் எவ்வளவு என்று அவர் விளக்கியதெல்லாம் எனக்கு ஏறவில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வைத்தது அவருடைய இடது கைதான்.

உள்ளங்கையை மேலே திருப்புகிறார். முதல் தட்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். அடியில் நடுவிரல் தாங்குகிறது. இரண்டாவது தட்டு அதற்குக் கீழே நுழைந்து, விரித்த மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் உட்காருகிறது. மூன்றாவது தட்டு இரண்டாம் தட்டின் விளிம்பிலும் முன்கையிலுமாக ஏறிக்கொள்கிறது. முன்கையில் மடித்துப் போட்ட வெள்ளைத் துணி அழகுக்குத்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அடுப்புக் கதகதப்போடு வரும் தட்டு கையைச் சுடாமலிருக்கத்தான் அது. வலது கையில் நான்காவது தட்டு. எட்டுப் பேர் மேசைக்கு இரண்டே நடை. "தட்டைப் பாக்கப்படாது. பாத்தால் குழம்பு சரியும். போற இடத்தைப் பாக்கவேணும்." அந்த மணிக்கட்டில் ஒரு முறை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது.

டேனிஷ் விருந்துகளில் இடையிடையே எழுந்து நின்று சொற்பொழிவு செய்கிறார்கள். மாமனார் பேசுவார், தோழி பேசுவார், தெரிந்த மெட்டுக்கு எழுதிய பாட்டைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து எல்லோரும் பாடுவார்கள். யாராவது பேசும்போது பரிமாறக் கூடாது. உள்ளே சமையல்காரர் இறைச்சியைத் தட்டில் வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். எவர் எப்போது எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டப்போகிறார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி.

அவர் டென்மார்க்குக்கு வந்தது 1986இல். கல்யாணமாகி எட்டு மாதம், மனைவி ஊரில். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவர் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளச் சட்டம் உரிமை கொடுத்திருந்தது. 1987இல் விண்ணப்பம் போட்டார். பகலில் மொழி வகுப்பு, இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. கடிதம் வரவே இல்லை.

வராததன் காரணம் பின்னால்தான் நாட்டுக்கே தெரிந்தது. அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொல்லியிருந்தார். டேனிஷ்காரர்கள் இதைத் தமிழர் வழக்கு என்றே சொல்கிறார்கள். விசாரணை அறிக்கை வெளிவந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லுட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. ஐரோப்பாவில் ஓர் அரசு தமிழ் அகதிகளின் கோப்புகளால் கவிழ்ந்தது என்பது நம் பள்ளிப் புத்தகம் எதிலும் இல்லை.

அந்த 1993 ஜனவரியில் அவர் கிளப்பில் பரிமாறத் தொடங்கியிருந்தார். பனிக்காலம், மைதானம் மூடியிருந்தது. கூடத்தில் ஒரே ஒரு மேசை, ஆறு பேர். காப்பி ஊற்றும்போது தமிழர் வழக்கைப் பற்றித்தான் வாதம். ஒருவர் நிமிர்ந்து பார்த்து, நீ எந்த நாடு என்று கேட்டார்.

"சொன்னன். என்ர மனிசியின்ர கோப்பும் அதுக்குள்ள கிடந்ததுதான் எண்டும் சொன்னன். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. வழமையா நல்லாக் காசு வைக்கிற மேசை. அண்டைக்கு ஒரு சதமும் வைக்கேல்லை. வெக்கத்தில மறந்து போச்சினம்."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் திரும்பிப் பார்த்தார்.

மனைவி வந்து சேர்ந்தது 1989இல். அதே ஆண்டில்தான் மெக்டொனால்ட்ஸ் அங்கே பணிந்தது. 1981இல் நாட்டுக்குள் வந்த அந்த நிறுவனம் தொழிற்சங்கத்தோடு ஊதிய ஒப்பந்தம் போட மாட்டேன் என்று அடம்பிடித்தது. துறைமுகத் தொழிலாளிகள் அதன் சரக்கை இறக்க மறுத்தார்கள், அச்சகக்காரர்கள் அதன் தாள்களை அடிக்க மறுத்தார்கள், லாரிக்காரர்கள் ஓட்ட மறுத்தார்கள். கடைசியில் நிறுவனம் கையெழுத்துப் போட்டது. டென்மார்க்கில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் என்று ஒன்று இன்றும் கிடையாது. எல்லாம் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள்தாம். உணவகத் தொழிலாளர் சங்கம் 2006இல் 3எஃப் என்ற பெரிய சங்கத்தோடு இணைந்தது. ஒப்பந்தம் உள்ள இடத்தில் பரிமாறுகிறவருக்கு 2025இல் மணிக்கு ஏறத்தாழ 150 குரோனர். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். மாலைக்கும் வாரக் கடைசிக்கும் தனிப்படி. விடுமுறைப் பணம் சம்பளத்தில் 12.5 சதவீதம்.

அப்படியானால் டிப்ஸ்?

அன்றைய கூட்டம் போனபின், ஓரத்து மேசையில் நால்வர் சாப்பிட்ட பில்லைக் காட்டினார். 1,940 குரோனர். அதில் 388 மதிப்புக்கூட்டு வரி. பரிமாறும் கூலியும் விலைக்குள்ளேயே அடக்கம். ஆகவே யாரும் எதுவும் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை. திருப்தியாக இருந்தால் 2,000 ஆக முழுமையாக்குவார்கள். மிச்சம் 60. அன்று வேலையில் ஆறு பேர், கோப்பை கழுவுகிற நேபாளத்து மாணவர் உட்பட. ஆளுக்குப் பத்து. அதற்கும் வருமான வரி உண்டு. ஒரு காப்பியின் விலையில் கால்வாசிகூடத் தேறாது. முன்பெல்லாம் கண்ணாடிச் சாடியில் ஓட்டை போட்ட ஒன்று, இரண்டு, ஐந்து குரோனர் நாணயங்கள் விழும். ஒரு நூலில் கோத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவாராம். இப்போது கார்டும் மொபைல்பேயும்தான்.

அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டரசு விதித்த அடிப்படைக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மீதியை விருந்தாளி போட வேண்டும். அதாவது முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தை, பல்லைக் காட்டி விருந்தாளியிடமே வாங்கிக்கொள் என்று ஊழியரை அனுப்புகிறார்கள். நம் ஊரிலும் வேறென்ன நடக்கிறது? கல்யாண மண்டபத்தில் நள்ளிரவு வரை பந்தி பரிமாறும் பையனை அனுப்புகிறவர் ஒரு ஏஜென்ட். கேட்டரிங்காரர் ஏஜென்டிடம் என்ன கொடுத்தார் என்பது பையனுக்குத் தெரியாது. கை கழுவப் போகும் பெரியவர் சட்டைப் பையில் திணிக்கும் ஐம்பது ரூபாய்தான் அவன் கண்ணால் பார்க்கும் முழுத் தொகை. சர்வீஸ் சார்ஜ் ஊழியர் நலனுக்கு என்று நீதிமன்றம் வரை போய் வாதாடிய முதலாளிகளிடம் ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது: அத்தனை நலன் விரும்புகிறவர்கள் சம்பளத்தை ஏற்றிவிட்டுப் போகலாமே, யார் தடுத்தார்கள்?

டென்மார்க் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. ஒப்பந்தம் இல்லாத உணவகங்கள் அங்கும் நிறைய. விருந்துக்கு விருந்து ஆள் அனுப்பும் நிறுவனங்கள் அங்கும் முளைத்துவிட்டன. கிளப்பில் பனிக்காலத்தில் வேலை சுருங்கினால் முதலில் வீட்டுக்குப் போகிறவர்கள் மணிக் கூலிக்காரர்கள். கார்டில் வரும் டிப்ஸ் நேரே போய் விழுவது குத்தகைக்காரரின் வங்கிக் கணக்கில். சாடியில் விழுந்த நாணயத்தை எல்லோரும் பார்த்தார்கள். இதை ஒருவர் மட்டும் பார்க்கிறார். பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இவருடைய கூடத்தில் இருப்பது வாய்ப் பேச்சு ஏற்பாடு.

அடுத்த பருவத்துக்குப் புதுக் குத்தகைக்காரர் வரவிருந்தார். உடைந்த கோப்பைகளுக்கு டிப்ஸிலிருந்து கழிக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. வடமராட்சிக்காரர் சங்கப் பிரதிநிதிக்கு ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். டேனிஷ் மொழியில் மூன்று கோரிக்கைகள். எனக்காகத் தமிழில் சொன்னார். கார்டில் வரும் தொகை கிழமைக்கு ஒருக்கால் சுவரில் ஒட்டப்பட வேண்டும். உடைவதற்கெல்லாம் அதில் கைவைக்கக் கூடாது. கோப்பை கழுவுகிறவருக்கும் சம பங்கு. மூன்றாவதை முதலாவதாக மாற்றி எழுதச் சொல்லி அந்த மாணவர் கேட்டிருக்கிறார். மாற்றிக்கொண்டிருந்தார்.