காற்றுக்கு வழிவிடும் சிறகு

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமாக 25 கிலோமீட்டர் சென்றால் அரிட்டாபட்டி. ஆடி மாதத்தில் அங்கே செல்லும் நேயர்கள் மேல்துண்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்! சமவெளியில் தங்குதடையின்றி ஓடிவரும் மேல்காற்று, ஊரைச் சூழ்ந்த 7 குன்றுகளிலும் மோதிச் சுழல்கிறது.

அந்தச் சுழலில்தான் வல்லூறும் ராஜாளியும் பறக்கின்றன. பாறைமேல் அமர்ந்து நாம் நெடுநேரம் பார்த்திருந்தோம். மிதக்கையில் அகல விரிந்த சிறகு, பாய்கையில் அம்பெனக் குறுகிவிடுகிறது. கழுகொன்றின் முதுகில் கருவி கட்டி அளந்த ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் ஓர் அதிசயம் வெளியிட்டார்கள்: காற்று குலுக்கும்போது அப்பறவை சிறகிரண்டையும் சட்டென்று உடலுக்குக் கீழே மடித்து, அரை நொடிக்குள் மீண்டும் விரித்துவிடுகிறதாம். வண்டிக்கு வில் எப்படியோ, அப்படி!

விறைத்த இறக்கையுள்ள ஆளில்லா விமானத்துக்கு இவ்வித்தை கைவராது. அகன்ற இறக்கை மெதுவாகப் பறக்கவும் சட்டென்று திரும்பவும் உதவும். கடும் எதிர்காற்றிலோ அதுவே இடைஞ்சல். ஆகவே ஸ்விட்ஸர்லாந்தின் லோசான் நகரப் பொறியியலார், செயற்கை இறகுகளால் சிறகும் வாலும் விரிந்து மடங்கும் விமானமொன்றை 2020-ல் பறக்கவிட்டனர். அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் 40 நிஜப் புறா இறகுகளைக் கொண்டே ஒன்று செய்தார்கள். ஆனால் மடக்கும் மூட்டும் மோட்டாரும் எடையைக் கூட்டுகின்றன. ராஜாளியிடம் இந்தக் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

இக்குன்றுப் பகுதி 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென ஏலம் போன நிலப்பரப்பில் இதுவும் அடங்கியிருந்தது. கிராமத்தார் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று.